கைப்பேசியில் வரும் கள்வர்

(ஸ்ரீரங்கம் வட்டத்து உழவர் கூட்டமொன்றில் உழவியல் விரிவுரையாளர் ஆற்றிய உரை)



உழவியல் துறையிலிருந்து ஒருவர் பேச வந்தால் நாற்றங்காலைப் பற்றியோ, களை நிர்வாகத்தைப் பற்றியோ சொல்வார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று அவற்றை ஒதுக்கி வைத்துவிட்டு, அறுவடை முடிந்து பணம் கைக்கு வந்த பிறகு வரும் ஒரு கேட்டைப் பற்றிப் பேச விரும்புகிறேன். வயலில் எலி தின்றது போக, குதிரில் வண்டு தின்றது போக, வங்கியில் போட்டு வைத்த மிச்சத்தையும் கைப்பேசி வழியாக அள்ளிக்கொண்டு போகிறார்கள். 2024-ஆம் ஆண்டில் மட்டும் இந்திய மக்கள் இத்தகைய இணையவழி மோசடிகளில் இழந்தது 22,845 கோடி ரூபாய் என்று மத்திய உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தெரிவித்துள்ளது. அதற்கு முந்தைய 2023-ல் இத்தொகை 7,465 கோடி. ஒரே ஆண்டில் மூன்று மடங்காகப் பெருகியிருக்கிறது. எந்தப் பூச்சியாவது இந்த வேகத்தில் பெருகினால் நாம் சும்மா இருப்போமா?

முன்பெல்லாம் எடைக்கல்லில் ஏமாற்றிய வியாபாரியும், போலி விதை விற்றவனும் முகம் தெரிந்தவர்கள். மறுநாள் சந்தையில் மடக்கிக் கேட்கலாம். இப்போது ஏமாற்றுபவனுக்கு முகம் இல்லை. குரல் மட்டுமே உண்டு. ஆனால் அவனுக்கு நம்மைப் பற்றிப் பல செய்திகள் தெரிந்திருக்கும். நம் பெயர், ஊர், சில வேளைகளில் ஆதார் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் வரை சொல்வான். "இவ்வளவும் தெரிந்தவர் அதிகாரியாகத்தான் இருக்க வேண்டும்" என்று நாம் நம்பி விடுகிறோம். பெயரும் எண்ணும் தெரிந்திருப்பது அதிகாரி என்பதற்குச் சான்று ஆகாது.

பயிரின் பருவம் அறிந்து பூச்சி வருவது போல, இவர்களும் பருவம் அறிந்தே வருகிறார்கள். பிரதம மந்திரி கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணைகளாக 2,000 ரூபாய் வீதம் நம் கணக்கில் சேர்கிறது. தவணை வரும் நாள் நெருங்கும்போது, "உங்கள் விவரம் சரிபார்க்கப்படவில்லை, தவணை நின்று விடும்" என்ற அழைப்பு வரும். சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் நெருங்கும்போது காப்பீட்டின் பெயரால் வரும். நில விவரங்களைப் பதிந்து உழவர்களுக்குத் தனி அடையாள எண் வழங்கும் பணி 2025-ல் நம் மாநிலத்தில் தொடங்கியது. அதன் பெயராலும் வரலாம். உண்மையான திட்டத்தின் நிழலில்தான் மோசடி வளர்கிறது. ஆகையால் அழைப்பில் சொல்லப்படும் திட்டம் உண்மையா என்று மட்டும் ஆராய்ந்தால் போதாது. திட்டம் உண்மையாகவே இருக்கும், அழைப்பவன்தான் பொய்.

கிசான் திட்டத்தின் பெயரால் நடந்த ஒரு மோசடியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2024-ல் தமிழ்நாடு காவல் துறையின் இணையவழிக் குற்றப் பிரிவே இதைப் பற்றி எச்சரிக்கை விடுத்தது. வாட்ஸ்அப்பில் நமக்குத் தெரிந்த ஒருவரிடமிருந்தே ஒரு கோப்பு வரும். அதன் பெயர் கிசான் திட்டத்தின் பெயராக இருக்கும்; பெயரின் முடிவில் ஏ.பி.கே. என்று மூன்று ஆங்கில எழுத்துகள் இருக்கும். அதைத் தொட்டால் கைப்பேசியில் ஒரு செயலி பதிவாகும். திறந்தால் அரசு முத்திரையும் உழவர் படமும் தெரியும். "குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதிக்கவும்" என்று கேட்கும். நாம் அவசரத்தில் அனுமதி கொடுத்து விடுகிறோம். வினை அங்கே தொடங்குகிறது. வங்கியிலிருந்து வரும் ஒருமுறைக் கடவு எண்ணை, அதாவது ஓ.டி.பி.யை, நாம் யாரிடமும் சொல்ல வேண்டியதே இல்லை. அந்தச் செயலியே படித்துக் கள்வனுக்கு அனுப்பி விடும். அத்துடன் நில்லாமல் நம் வாட்ஸ்அப்பிலிருந்தே, நம் பெயரிலேயே, ஊர்க் குழுவுக்கும் உறவினருக்கும் அதே கோப்பு போகும். நோயுற்ற வாழைக் கன்று ஒரு தோட்டத்திலிருந்து அடுத்த தோட்டத்துக்குப் போவது போலத்தான் இது. கொடுத்தவர் நல்லவர்தான், கன்றில்தான் நோய். அந்தநல்லூர், ஜீயபுரம் பகுதிகளில் வாழை பயிரிடுவோருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

எனவே ஏ.பி.கே. கோப்பு யாரிடமிருந்து வந்தாலும், சொந்தத் தம்பியே அனுப்பியிருந்தாலும், தொடாமல் அழித்து விடுங்கள். கிசான் திட்டத்தின் சரிபார்ப்பை அதன் அரசு வலைத்தளத்தில் நாமே செய்யலாம். பொதுச் சேவை மையத்தில் விரல் ரேகை வைத்தும் செய்யலாம். ஐயம் இருந்தால் 155261 என்ற எண்ணில் கேட்கலாம், அல்லது வேளாண்மை விரிவாக்க மையத்தில் நேரில் கேட்கலாம். தவணை ஒரு வாரம் தாமதமானால் ஒன்றும் கெட்டுவிடாது.

அடுத்தது விளைபொருள் வாங்குவதாக வரும் அழைப்பு. ஒருவர் உங்கள் பூவன் தாருக்கு நல்ல விலை பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தோட்டத்தைப் பார்க்கவில்லை, தாரின் சீப்பை எண்ணவில்லை, பேரமும் பேசவில்லை. முன்பணம் அனுப்புவதாக மட்டும் சொல்கிறார். காயைப் பார்க்காமல் விலை சொல்லும் வியாபாரியை நான் இதுவரை கண்டதில்லை. நீங்களும் கண்டிருக்க மாட்டீர்கள். பிறகு ஒரு கட்டப்படத்தை அனுப்பி, "இதைப் படம் பிடித்து உங்கள் ரகசிய எண்ணைப் போடுங்கள், பணம் வந்து விடும்" என்பார். பணம் அனுப்பத்தான் ரகசிய எண் வேண்டும். பணம் பெற அது எப்போதும் வேண்டியதில்லை. இன்னொரு தந்திரமும் உண்டு. 5,000 ரூபாய்க்குப் பதில் 50,000 தவறுதலாக அனுப்பிவிட்டதாகச் சொல்லி, மீதியைத் திருப்பி அனுப்பும்படி கெஞ்சுவார். குறுஞ்செய்தியும் வந்திருக்கும். அந்தக் குறுஞ்செய்தி வங்கி அனுப்பியது அல்ல, அவரே அனுப்பியது. கணக்கில் இருப்பு ஏறியிருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள்.

படித்தவர்கள் ஏமாற மாட்டார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். ஸ்ரீரங்கத்து உத்தர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் பணி ஓய்வு பெற்ற முதியோர் பலர் தனியாக வாழ்கிறார்கள். பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார்கள். இத்தகையோரைத் தேடி வருவதுதான் 'டிஜிட்டல் கைது' என்னும் மிரட்டல். காவல் துறை உடையில் ஒருவன் காணொளியில் தோன்றி, உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்தது என்றோ, உங்கள் ஆதாரில் கள்ளப்பணம் மாறியது என்றோ சொல்லி, அறையை விட்டு வெளியேறக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது என்று மணிக்கணக்கில் மிரட்டிப் பணத்தை மாற்றச் செய்கிறான். இந்தியச் சட்டத்தில் இப்படி ஒரு கைது கிடையாது. 2024 அக்டோபர் 27-ல் பிரதமரே தம் வானொலி உரையில் இதை நாட்டு மக்களுக்கு எடுத்துச் சொன்னார். "யாரிடமும் சொல்லாதே" என்று ஒருவன் சொன்ன அந்தக் கணமே அவன் கள்வன் என்று முடிவு செய்து கொள்ளலாம்.

அழைப்பவர்கள் யார் என்ற கேள்வியும் எழும். ஜார்க்கண்ட் மாநிலத்து ஜாம்தாரா என்னும் சிற்றூர்ப் பகுதி இத்தொழிலுக்கே பெயர் கெட்டுப்போனது. இப்போது கம்போடியா, மியான்மர் நாடுகளிலும் பெரும் கூடாரங்கள் அமைத்து இதைச் செய்கிறார்கள். அங்கே பேசுபவர்களில் சிலர் நம் பிள்ளைகளே என்பது வேதனையான செய்தி. கணினி வேலை என்று ஆசை காட்டி அழைத்துச் செல்லப்பட்டு, மியான்மரின் மியாவாடியில் அடைத்து வைக்கப்பட்டிருந்த தமிழ்நாட்டு இளைஞர்கள் சிலர் 2022-ல் மீட்டுக் கொண்டுவரப்பட்டார்கள். வீட்டில் படித்து முடித்த பிள்ளை இருந்து, முகவர் ஒருவர் சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகலாம் என்று சொன்னால், நிலத்தை அடமானம் வைக்கும் முன் விசாரியுங்கள்.

திருடிய பணம் போய்ச் சேர ஒரு கணக்கு வேண்டுமே? அதற்கும் ஏழைகளின் பெயரைத்தான் தேடுகிறார்கள். "உங்கள் கணக்கைச் சில நாள் கொடுங்கள், 2,000 ரூபாய் தருகிறோம்" என்பார்கள். கொடுத்தவர் மேல்தான் முதலில் வழக்கு வரும். பிறர் கையில் ஆதாரும் வங்கிப் புத்தகமும் போனால் என்ன ஆகும் என்பதை 2020-ல் நம் மாநிலத்திலேயே கண்டோம். கொரோனா நிவாரணம் என்று சொல்லி அவற்றை வாங்கிய தரகர்கள், நிலமே இல்லாதவர்களையும் கிசான் திட்டத்தில் சேர்த்தார்கள். தகுதியற்ற 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பெயரில் ஏறத்தாழ 110 கோடி ரூபாய் போனது தெரிந்தது. சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது. விவரம் அறியாமல் பெயர் கொடுத்த ஏழைகளும் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டியதாயிற்று.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பணம் போய்விட்டது என்று தெரிந்ததும் நம்மவர்கள் முதலில் என்ன செய்கிறார்கள்? மறைக்கிறார்கள். கிழவர் மகனிடம் சொல்ல அஞ்சுகிறார். மருமகள் மாமியாரிடம் சொல்லக் கூசுகிறாள். கணவரை இழந்த பெண் ஊரார் என்ன சொல்வார்களோ என்று நடுங்குகிறாள். இரண்டு நாள் கழித்து, அழுதுகொண்டே சொல்வதற்குள், பணம் ஒரு கணக்கிலிருந்து பத்துக் கணக்குக்குப் பிரிந்து, ரொக்கமாக எடுக்கப்பட்டுவிடும். கள்வனுக்கு நம் வெட்கத்தைப் போல் துணை செய்வது வேறொன்றுமில்லை. ஆகவே வீட்டிலுள்ள இளையோர்களே, உங்களிடம்தான் கேட்கிறேன்: பெரியவர் ஏமாந்தேன் என்று சொன்னால் அந்த நேரத்தில் திட்டாதீர்கள். திட்டுவதானால் புகார் கொடுத்த பிறகு திட்டிக்கொள்ளலாம். "அப்பா, எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று மட்டும் கேளுங்கள்.

கேட்டுவிட்டு உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். எந்த நாளும் எந்த நேரமும் அழைக்கலாம். 2021-ல் ஏற்படுத்தப்பட்ட இந்த அமைப்பில் காவல் துறையும் வங்கிகளும் இணைக்கப்பட்டிருப்பதால், பணம் இன்னும் ஏதாவது ஒரு கணக்கில் நின்றுகொண்டிருந்தால் அதை அங்கேயே முடக்க முடியும். வாய்க்காலில் உடைப்பு எடுத்தால் கீழ்மடைக்கு நீர் போவதற்குள் அடைக்கிறோமே, அதே கணக்குத்தான். முதல் ஒரு மணி நேரத்தில் அடைப்பதும் மறுநாள் அடைப்பதும் ஒன்றல்ல.

ஏ.பி.கே. செயலியால் பணம் போயிருந்தால் அந்தக் கைப்பேசியில் இணையத்தை நிறுத்தி, சிம் அட்டையைக் கழற்றிவிட்டு, வேறொருவர் கைப்பேசியிலிருந்து பேசுங்கள். அடுத்து வங்கிக்குச் சொல்லி அட்டையையும் கணக்குப் பரிமாற்றத்தையும் நிறுத்தச் சொல்லுங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ல் வகுத்த விதிப்படி, ரகசிய எண்ணை நாமே சொல்லி ஏமாந்திருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கியே பொறுப்பு. தெரிவித்த நேரத்துக்கு ஆதாரம் வேண்டும்; வங்கி தரும் புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக் குறித்து வையுங்கள்.

1930-ல் பேசியதும் அவர்களும் ஒரு பதிவு எண் தருவார்கள். அதையும், வங்கிக் கணக்கு அறிக்கையையும், கள்வன் அழைத்த எண்ணையும், அவன் அனுப்பிய செய்திகளையும் எடுத்துக்கொண்டு இணையவழிக் குற்றக் காவல் நிலையத்துக்குச் செல்லுங்கள். திருச்சிராப்பள்ளி மாநகரத்துக்கு ஒன்றும், மாவட்டத்துக்குத் தனியாக ஒன்றும் இருக்கின்றன. ஸ்ரீரங்கம் நகருக்குள் இருப்போர் மாநகர நிலையத்தையும், கிராமங்களில் இருப்போர் மாவட்ட நிலையத்தையும் அணுக வேண்டும். கோபத்தில் அந்தச் செய்திகளை அழித்துவிட்டுப் போகாதீர்கள்; புகாருக்கு அவைதான் சாட்சி.