மருந்தில்லாத் துப்பாக்கி



கட்கி என்னும் ஊர் புனே நகரின் வடபால், முளா ஆற்றையொட்டி அமைந்தது. ஆங்கிலேயர் தம் நாவிற்கு இசைந்தபடி இதனைக் 'கிர்க்கி' என்று வழங்கினர். 1817ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் படையும் கம்பெனியாரின் படையும் பொருதது இவ்விடத்தில்தான். 1869ஆம் ஆண்டு இங்கே தோட்டாத் தொழிற்சாலை நிறுவப்பெற்றது. அது இன்றும் நடைபெறுகிறது. 2021ஆம் ஆண்டு முதல் மியூனிஷன்ஸ் இந்தியா என்னும் அரசு நிறுவனத்தைச் சேர்ந்ததாக இயங்குகிறது. அத்தொழிற்சாலையிலும் சுற்றியுள்ள படைத்துறைப் பணிமனைகளிலும் வேலை பெற்று வந்த தமிழ்க் குடும்பங்கள் பல இங்கே வேரூன்றியுள்ளன. வெடிமருந்து என்றால் இவ்வூரில் குழந்தைகளும் அறிவர். அத்தகைய ஊரில் வாழும் நாங்கள், நாலைந்து குடும்பத்தினர் ஒன்றுகூடி, வெடிமருந்தே வேண்டாத துப்பாக்கி ஒன்றை அண்மையில் விலைக்கு வாங்கினோம். அதனைக் கையில் எடுத்த முதற்சில வாரங்களில் கண்டவற்றைச் சொல்வதே இப்பேச்சின் நோக்கம்.

காற்றுத் துப்பாக்கியைத் தமிழர் எவரும் காணாதிருக்க இயலாது. சென்னைக் கடற்கரையில் பலகையின்மேல் வரிசையாகக் கட்டிய பலூன்களைக் காசு கொடுத்துச் சுட்டுப் பார்க்காதவர் சிலரே. ஊர்த் திருவிழாவிலும் பொருட்காட்சியிலும் அதே பலகைதான். ஆனால் அத்துப்பாக்கி எண்ணற்ற கைகளில் தேய்ந்தது, பலூனோ பெரிது, தொலைவோ சிறிது. அதனை வைத்துக்கொண்டு இக்கருவியை மதிப்பிடுவது, குடைராட்டினத்து மரக்குதிரையில் ஏறி இறங்கியவர் குதிரையேற்றத்தைப் பற்றிப் பேசுவதை ஒக்கும்.

புதிய துப்பாக்கியைப் பெட்டியினின்றும் எடுத்தவுடன் தோன்றுவது அதன் எடை. ஏறத்தாழ மூன்று கிலோ. மூன்று கிலோ அரிசியைக் கடையிலிருந்து தூக்கி வருவது ஒரு பொருட்டன்று. அதே எடையைக் கண்ணுக்கு நேராக ஏந்தி அசையாமல் நிற்பது வேறு செய்தி. அரை நிமிடத்தில் இடத்தோள் நடுங்கத் தொடங்குகிறது. முன்குறி இலக்கின்மேல் நிற்பதாக நாம் எண்ணிக்கொண்டிருந்தாலும், உண்மையில் அது ஊர்ந்துகொண்டே இருக்கிறது. மூச்சை இழுத்தால் ஒருபுறம், விட்டால் மறுபுறம். மூச்சை முற்றும் அடக்கிவிட்டாலோ நெஞ்சின் துடிப்புக் குழல்முனையில் வந்து தெரிகிறது. நம் உடல் இத்துணை ஓயாத இயக்கம் உடையது என்பதை இதற்குமுன் வேறெந்தப் பொருளும் எங்களுக்குக் காட்டியதில்லை.

இதன் உள்ளமைப்பை அறிவது கடினமன்று. நம் ஊர்ப் பிள்ளைகள் மூங்கிற்குழலின் இரு முனையிலும் பச்சைக்காயைத் திணித்து, ஒன்றைக் குச்சியால் உள்ளே தள்ளி, மற்றொன்றை 'டப்'பென்று பறக்கவிடுவதுண்டு. நடுவில் அகப்பட்ட காற்று நெருக்குண்டு வழி தேடுகிறது. காயைத் தள்ளிக்கொண்டு வெளியேறுகிறது. அதே தத்துவந்தான் இங்கும். குச்சிக்குப் பதில் வலிய சுருள்வில்லும், அதன் தலைப்பில் ஒரு பிஸ்டனும் உள்ளன. குழலைக் கீழ்நோக்கி மடக்கும்பொழுது வில் பின்னே சென்று இறுகிக் கொக்கியில் மாட்டிக்கொள்கிறது. விசையை இழுத்தால் கொக்கி நழுவி, பிஸ்டன் முன்னே பாய்ந்து, எதிரிலிருந்த காற்றைக் கணப்பொழுதில் நெருக்குகிறது. காற்று முன்னரே அடைத்து வைக்கப்பட்டிருப்பதாகப் பலர் கருதுகின்றனர். இவ்வகைத் துப்பாக்கியில் அவ்வாறில்லை. சேமித்திருப்பது வில்லின் ஆற்றலே. காற்று அதனை ரவைக்குக் கொண்டு செல்லும் தூதன்.

அந்த ரவையையும் ஒருமுறை உள்ளங்கையில் வைத்துப் பார்க்க வேண்டும். 4.5 மில்லிமீட்டர் குறுக்களவு, அரைக் கிராம் அளவான எடை, ஈயத்தால் ஆனது. வடிவத்தில் அது ஒரு சிறிய உடுக்கை. இடை ஒடுங்கி, பின்புறம் குழிந்து பாவாடைபோல் விரிந்திருக்கும். அந்தப் பாவாடைதான் காற்றின் அழுத்தத்தால் மலர்ந்து, குழலின் உட்சுவரில் வெட்டியுள்ள மரையைப் பற்றிக்கொண்டு சுழல்கிறது. வெளியே வந்தபின் இறகுப்பந்தின் இறகுபோல் நின்று தலையை முன்னோக்கியே வைத்திருக்கிறது. இவ்வளவு சிறிய பொருளில் இவ்வளவு யோசனை!

முதல் ரவை சென்றதும் நாங்கள் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. குழல்முனையில் நீலப்புகை தோன்றிற்று. எண்ணெய் எரிந்த நாற்றமும் வந்தது. ஓசையும் பெரிதாகவே இருந்தது. மருந்தில்லாத் துப்பாக்கிக்குப் புகை ஏது? தோட்டாத் தொழிற்சாலையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எங்களோடிருந்தார். சிறிது நேரம் அவரும் திகைத்தார். விடை சைக்கிள் பம்பில் இருக்கிறது. விரைந்து காற்றடித்தால் பம்பின் அடிப்புறம் கையைச் சுடும். காற்றை விரைவாக நெருக்கினால் வெப்பம் பிறக்கும்; போதிய அளவு நெருக்கினால், அவ்வெப்பத்திலேயே எண்ணெய் தீப்பற்றும். டீசல் எந்திரம் ஓடுவது இதனால்தான். புதிய துப்பாக்கியினுள் துருப்பிடியாமல் இருக்கப் பூசியிருந்த எண்ணெயே எரிந்தது. அந்த எண்ணெய் தீருமட்டும் ரவைகளின் வேகம் ஒன்றுபோல் இராது. ஒன்று மேலும் ஒன்று கீழுமாகப் போகும். ஆதலின் புதுத் துப்பாக்கியை முதல் நாளிலேயே குறை கூறுவது நியாயமன்று. ஓசை பெரிதாயிருப்பது கண்டு மகிழ்ந்து, மேலும் எண்ணெய் விடுவோரும் உளராம். அவர்கள் வில்லையும் பிஸ்டனின் அடைப்பையும் விரைவில் இழப்பார்கள்.

புகை நின்ற பின்னும் சிதறல் நிற்கவில்லை. இங்கேதான் எங்களுக்கு மிக வியப்பான பாடம் கிடைத்தது. எங்களுள் படையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் உண்டு. அவர் துப்பாக்கியைத் தோளில் இறுக்கிப் பிடித்து, சிலைபோல் நின்று சுட்டார். பத்து மீட்டர் தொலைவில் பத்து ரவைகளும் உள்ளங்கையளவு இடத்தில் பரவின. அடுத்து அவருடைய மருமகள் எடுத்தார். "இறுக்கிப் பிடி அம்மா" என்றார் மாமனார். "கை ஓய்கிறது மாமா, சும்மா தாங்கிக்கொள்கிறேன்" என்று கூறி, மணல் மூட்டையின்மேல் வைத்த இடக்கை விரித்தபடி இருக்க, அதன்மேல் கட்டையைக் கிடத்திச் சுட்டார். அவருடைய ரவைகள் ஒரு ரூபாய் நாணயத்தைச் சுற்றியே விழுந்தன.

இது தற்செயலன்று. வெடிமருந்துத் துப்பாக்கியில் குண்டு மிக விரைவில் குழலை நீங்கிவிடும். சுருள்வில் துப்பாக்கியிலோ பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே தள்ளப்படுகிறது. பிஸ்டன் முனையில் சென்று மோதும்போது முன்னே இழுக்கப்படுகிறது. இவ்விரண்டு உதறலும் ரவை குழலுக்குள் இருக்கும்போதே நிகழ்கின்றன. அவ்வுதறலை எவராலும் தடுக்க முடியாது. ஒவ்வொரு முறையும் அது ஒரே வகையாக நிகழுமாறு விட்டுவிடுவதே செய்யக்கூடியது. இறுக்கிப் பிடிக்கும் கை ஒருமுறை கூடவும் ஒருமுறை குறையவும் இறுக்கும். தளர்ந்த கை எப்போதும் ஒரே தளர்ச்சி உடையது. தம்புராவைத் தோளில் சார்த்துவதுபோல் இதனைச் சார்த்த வேண்டும். விசையை இழுத்தவுடன் தலையைத் தூக்கி இலக்கைப் பார்க்கும் ஆவலும் கெடுதியே. ஓசை அடங்கி ஒரு மூச்சு விடும் வரையில் கண் குறியிலேயே இருத்தல் வேண்டும்.

பத்து மீட்டர் என்று சொன்னோம். உலகப் போட்டிகளிலும் அதே தொலைவுதான். 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் முதல் ஒலிம்பிக்கிலும் இடம்பெற்ற போட்டி அது. அவர்களுடைய இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் குறுக்களவே உடையது. நாம் எழுதும் பேனாவின் முற்றுப்புள்ளியளவு. தகுதிச் சுற்றில் அறுபது முறை சுட வேண்டும். அவர்கள் துப்பாக்கி வேறு வகையது: உருளையில் அழுத்தி அடைத்த காற்றினால் இயங்குவது, உதறல் இல்லாதது. 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், 2012இல் இலண்டனில் ககன் நாரங் வெண்கலம் வென்றதும் இப்போட்டியில்தான். நாரங் தொடங்கிய பயிற்சி நிலையம் கட்கிக்கு அதிகத் தொலைவில்லாத பாலேவாடி விளையாட்டு வளாகத்தில் உள்ளது. நம்மவர்க்கு இன்னும் நெருங்கிய பெயர் இளவேனில் வாலறிவன். கடலூரில் 1999ஆம் ஆண்டு பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்தவர். 2019இலும் 2023இலும் ரியோ டி ஜெனிரோவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டிகளில் பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கியில் தங்கம் பெற்றார். குறளின் முதல் அதிகாரத்தில் வரும் 'வாலறிவன்' என்னும் சொல் உலக மேடைகளின் அறிவிப்புப் பலகையில் ஏறிற்று. அயல் மாநிலத்தில் பிள்ளைகளை வளர்க்கும் நமக்கு அது சிறு மகிழ்ச்சியன்று.

இனி, எங்கள் குடியிருப்பில் எழுந்த வழக்கைச் சொல்ல வேண்டும். துப்பாக்கி வந்த மறுவாரமே, "பிள்ளைகளிடம் கொடுத்தால் என்ன? உரிமம்கூட வேண்டாத பொருள்தானே!" என்று ஒருவர் கேட்டார். உரிமம் வேண்டுவதில்லை என்பது மெய். 2016ஆம் ஆண்டின் படைக்கல விதிகளின்படி, குழலின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும் ரவையின் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு அது தேவையில்லை. ஆனால் உரிமம் வேண்டாதவை எல்லாம் விளையாட்டுப் பொருளாகிவிடுமா? காய்கறி அரியும் அரிவாள்மணைக்கும் உரிமம் இல்லை. இத்துப்பாக்கியின் ரவை நொடிக்கு 150 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் செல்லக்கூடியது. மிக விரைவாகப் பந்தெறியும் கிரிக்கெட் வீரரின் பந்தைப்போல் மும்மடங்குக்கு மேல். கண்ணைக் கெடுக்க அது போதும். அருகிலிருந்து பட்டால் அதனினும் பெருங்கேடு செய்யும். வரலாற்றைப் பார்த்தாலும் இது விளையாட்டுக்கென்று பிறந்ததன்று. 1780ஆம் ஆண்டையொட்டி ஜிரார்டோனி என்பார் வகுத்த காற்றுத் துப்பாக்கியை ஆஸ்திரியப் படையினர் போர்க்களத்திற்கே ஏந்திச் சென்றனர்.

மற்றொரு கவலையும் உண்டு. முளா ஆற்றங்கரை மரங்களில் கிளியும் மைனாவும் மிகுதி. கையில் துப்பாக்கியும் எதிரில் கிளையும் இருந்தால் பன்னிரண்டு வயதுப் பையனின் மனம் எங்கே போகும் என்று சொல்ல வேண்டுவதில்லை. கிளி, மைனா போன்ற பறவைகளைச் சுடுதல் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இப்பேச்சு வந்தபோது ஒருவர் சாலிம் அலியை எடுத்துக் காட்டினார். மும்பையில் சிறுவனாக இருந்தபோது அவர் காற்றுத் துப்பாக்கியால் சுட்ட சிட்டு ஒன்றின் கழுத்தில் மஞ்சள் திட்டு இருந்தது. அது என்ன பறவை என்று கேட்க மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்திற்குப் போனவர் நாட்டின் பெரும் பறவையியல் அறிஞரானார். "ஆதலால் பிள்ளைகள் சுடட்டும்" என்பது அவர் வாதம். அதற்கு ஓர் அம்மையார், "கழகத்திற்குப் போகாமல் வீட்டிற்குத் திரும்பிய பையன்கள் எத்தனை பேரோ, அண்ணா!" என்றார். வாதம் அத்துடன் நின்றது.

முடிவில் ஏற்பட்ட ஒழுங்கு இது. துப்பாக்கி ஒரு வீட்டிலும் ரவைப்பெட்டி மற்றொரு வீட்டிலும் பூட்டி வைக்கப்படும். சுடுமிடம் மூடிய கொட்டகை. இலக்கின் பின்னே பழந்துணி இறுகத் திணித்த பெட்டியும் அதன் பின்னே தடித்த பலகையும். கல்லிலோ இரும்பிலோ பட்ட ரவை திரும்பித் தெறிக்கும். ஆதலின் அவை இரண்டும் அருகில் இரா. அனைவர்க்கும் கண்ணாடி உண்டு. குழலை மடக்கி ரவையை வைக்கும் வரையில் மறு கை குழலை விடாது பற்றியிருக்க வேண்டும். தப்பித்தவறி விசை பட்டால் குழல் வில்லின் வேகத்தில் நிமிர்ந்து விரலை நசுக்கிவிடும். ரவையின்றிச் சுட்டுப் பார்ப்பதும் கூடாது; தடுக்கும் காற்றின்றிப் பிஸ்டன் நேரே மோதி உடையும். ஈயம் நஞ்சாதலால், சுட்டு முடிந்தபின் சோப்பிட்டுக் கை கழுவாமல் எவரும் தேநீர்க் குவளையைத் தொடக் கூடாது.

பதினான்கு வயது நிரம்பிய இரு பிள்ளைகள், ஒரு பையனும் ஒரு பெண்ணும், பெரியவர் அருகிருக்கக் கற்கின்றனர். முதல் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களுக்கு ரவை கொடுக்கவில்லை. வில்லை இறுக்காத வெறுந்துப்பாக்கியை ஏந்தி, மூச்சு விட்டு, குறியை இலக்கில் நிறுத்துவது மட்டுமே பயிற்சி. பையனுக்கு அது சலிப்பாயிருந்தது. அந்தப் பெண்ணோ நான்காம் வாரமும், "இன்னும் கொஞ்ச நாள் இப்படியே இருக்கட்டும் தாத்தா" என்று கேட்டு, ரவையில்லாமலே நின்றுகொண்டிருந்தாள்.