வெள்ளிக்கிழமையின் இரண்டு மணி நேரம்

வேலைக்குப் போகும் தாயின் ஒரு நாளை மூன்று பேர் பங்கு கேட்கிறார்கள்: பிள்ளை, அலுவலகம், அவளுடைய சொந்த உடம்பும் மனமும். பிள்ளையின் பங்கு குறைந்தால் அது அழும். அலுவலகத்தின் பங்கு குறைந்தால் மேலதிகாரி கேட்பார். மூன்றாவது பங்கு குறையும்போது கேட்க ஆளில்லை. குறைந்தது வீட்டாருக்கே தெரியப் பல ஆண்டுகள் ஆகின்றன. வெளிநாட்டில் அந்தப் பங்கு குறையும்போது தாயின் நலத்தோடு பிள்ளையின் தமிழும் சேர்ந்து குறைகிறது. பிரான்சில் பிள்ளைகளின் தமிழைப் பற்றிக் கவலைப்படும் ஒரு சங்கத்தின் ஆண்டு விழாவில் தாயின் ஓய்வு நேரம் பேசப்பட வேண்டியது அதனால்தான்.

அந்த மூன்றாவது பங்கில் ஒன்றான பேறுகால விடுப்பை யாரும் தானமாகக் கொடுத்ததில்லை. பம்பாய் மாகாணத்தில் 1929 இலும் சென்னை மாகாணத்தில் 1934 இலும் பேறுகாலச் சட்டங்கள் வந்தன. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் அந்த விடுப்பு பஞ்சாலைகளின் வாசலில் கேட்கப்பட்டது. தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையா முன்னின்று நடத்திய போராட்டங்களில் வேலை நேரத்தைக் குறைக்க வேண்டும், பெண்களை இரவு வேலையில் அமர்த்தக் கூடாது, பிள்ளை பெற்றவளுக்கு விடுப்பு வேண்டும் என்ற கோரிக்கைகள் ஒன்றாகவே எழுந்தன. 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலைத் தொழிலாளர்கள் 12 பேர் துப்பாக்கிச் சூட்டில் உயிர் விட்டனர். அடுத்த ஆண்டு எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. இந்த அவையில் பலருடைய தாத்தாவும் பாட்டியும் அந்த ஆலைச் சங்கொலி கேட்டு எழுந்தவர்கள்.

விடுதலைக்குப் பின் இந்தியா முழுமைக்கும் 1961 இல் பேறுகாலப் பயன் சட்டம் வந்தது. 2017 திருத்தம் 12 வார விடுப்பை 26 வாரமாக உயர்த்தியது. மூன்றாவது பிள்ளைக்கு 12 வாரமே. 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் அங்கே நாளுக்கு நான்கு முறை போய் வரலாம் என்றும் அந்தத் திருத்தம் சொன்னது. தமிழ்நாட்டு அரசு தன் ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் 12 மாதம் கொடுக்கிறது.

ஆனால் ஒரே தெருவில் இருக்கும் தாய்மார்களுக்குக்கூடச் சட்டம் ஒரே அளவில் கிடைப்பதில்லை. ரெட்டியார்பாளையம் தாண்டி வில்லியனூர் போகும் வழியில் இருக்கும் மூலக்குளம் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே அரசு ஊழியருக்கு முழுச் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. பக்கத்து மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையின் சிறு பட்டறைக்குப் போகும் பெண்ணின் இடத்தில் 50 பேர் இருக்க மாட்டார்கள், காப்பகமும் இருக்காது. வீட்டு வேலைக்குப் போகிறவளுக்கும் வீட்டிலேயே தையல் மிஷின் ஓட்டுகிறவளுக்கும் விடுப்பு என்றால் வருமானம் நின்றது என்று பொருள். அவர்களுக்குக் காப்பகமாக இருப்பது பாட்டியும் அங்கன்வாடியும்தான்.

சட்டம் வருவதற்கு முன்பே தமிழ்க் குடும்பம் தாய்க்கென்று ஓர் ஏற்பாடு வைத்திருந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்து கூட்டிவந்த பெண்ணை, பிள்ளைக்கு மூன்று மாதம் ஆகும் வரை அனுப்ப மாட்டார்கள். பூண்டுக் குழம்பு, பிரசவ லேகியம், பால் சுரக்கச் சுறாப் புட்டு, வேப்பிலையும் நொச்சியும் போட்ட வெந்நீர். பிள்ளை தூங்கும்போது அவளும் தூங்கலாம். குடத்தைத் தொட்டால் அம்மா திட்டுவாள். அந்த நாட்களில் தீட்டு என்று ஒதுக்கி வைத்த வழக்கமும் கலந்திருந்தது. அதை விட்டுவிட்டது நல்லது. அதோடு ஓய்வும் சேர்ந்து போனதுதான் நட்டம்.

பிரான்சில் அந்த மூன்று மாதம் எப்படிச் சுருங்குகிறது என்பதை நாட்காட்டி காட்டும். முதல் பிள்ளைக்கு விடுப்பு 16 வாரம். பேறுக்கு முன் 6, பின் 10. ஊரிலிருந்து வரும் அம்மாவின் விசா 90 நாள். பத்து வாரம் முடிந்து மகள் வேலைக்குத் திரும்பும் அதே மாதத்தில் அம்மாவும் விமானம் ஏறுகிறாள். தாங்கிப் பிடித்த இரண்டும் ஒரே நேரத்தில் விலகும் இடம் அது. உலகச் சுகாதார நிறுவனக் கணக்கில், பிள்ளை பெற்ற பெண்களில் 13 விழுக்காட்டினர் மனநலக் கோளாறுக்கு, பெரும்பாலும் மனச்சோர்வுக்கு, ஆளாகிறார்கள். பிரான்சில் பேறுக்குப் பின் நான்கு முதல் எட்டு வாரத்துக்குள் மருத்துவச்சியோடோ மருத்துவரோடோ ஒரு கலந்துரையாடல் 2022 முதல் கட்டாயம். அந்த அறையில் “நல்லா இருக்கேன்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டு வரும் பழக்கம் தமிழ்ப் பெண்களிடம் மாற வேண்டும்.

பேறுகாலத்தோடு தாயின் நேரம் பற்றிய கேள்வி முடிவதில்லை. புதுச்சேரியில் 2023 ஏப்ரலில் ஓர் அறிவிப்பு வந்தது. அரசுத் துறைப் பெண் ஊழியர்களுக்கு மாதத்தில் மூன்று வெள்ளிக்கிழமைகள், காலை 9 முதல் 11 வரை சிறப்பு அனுமதி. மருத்துவமனை, காவல் நிலையம் போன்ற அவசரப் பணிகளுக்கு அது பொருந்தாது. வெள்ளிக்கிழமை பூசையையும் வீட்டு வேலையையும் முடித்துவிட்டு வர உதவும் என்பது சொல்லப்பட்ட காரணம். வரவேற்றவர்கள் உண்டு. பெண்ணை மீண்டும் சமையலறைக்கும் பூசையறைக்குமே அனுப்புகிறது என்று எதிர்த்தவர்களும் உண்டு. இரு தரப்பும் பேசாத ஒன்று இருக்கிறது: அந்த இரண்டு மணி நேரத்தில் அவளுக்கென்று எவ்வளவு?

பழைய வெள்ளிக்கிழமையில் அதற்குப் பதில் இருந்தது. வெள்ளி என்றால் வீடு கழுவுவதும் விளக்கு தேய்ப்பதும் மட்டும் கிடையாது. செவ்வாயும் வெள்ளியும் பெண்கள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாள். நல்லெண்ணெயில் நான்கு மிளகு போட்டுக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டில் உச்சந்தலையில் வைத்துச் சூடு பறக்கத் தேய்த்து, காதுமடலுக்கும் குதிகாலுக்கும் தடவி, அரை மணி ஊற வேண்டும். பிறகு வெந்நீர், வடித்த கஞ்சியில் கரைத்த சீயக்காய். ஈரம் துவட்டிக் கூந்தலை விரித்து, சாம்பிராணிப் புகை காட்டி, முடி காயும் வரை உட்கார வேண்டும். மதியம் மிளகு ரசமும் பருப்புத் துவையலும். அன்றைக்கு வெயிலில் அலையக் கூடாது.

இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தக் குளியலுக்கு நாள் இருந்தது, நேரம் இருந்தது, பெயர் இருந்தது. வாசலிலிருந்து யார் கூப்பிட்டாலும் “தலையில எண்ணெய் வச்சிருக்கேன்” என்று சொன்னால் போதும். மாமியாரே ஆனாலும் மறுபேச்சு கிடையாது. அனுமதி கேட்க வேண்டியதில்லை, மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. ஓய்வு வேண்டும் என்று கேட்டிருந்தால் கிடைத்திருக்காத ஒன்றரை மணி நேரத்தை, எண்ணெய்க் குளியல் என்ற பெயர் காப்பாற்றிக் கொடுத்தது. வெள்ளிக்கிழமையின் மற்ற வேலைகள் அப்படியே இருக்கின்றன. உதிர்ந்தது இது ஒன்றுதான்.

உதிர்ந்த நேரம் எங்கே போயிற்று என்பதை இந்திய அரசின் 2024 ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வு காட்டுகிறது. ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளுக்கு 289 நிமிடம் அதில் செலவிடுகிறாள். ஈடுபடும் ஆண் 88 நிமிடம். 2019 ஆய்வில் இவை 299, 97. ஐந்தாண்டில் பெண்ணுக்குக் குறைந்தது பத்து நிமிடம். ஆணுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது. பெண்ணுக்குக் குறைந்த வேலையை ஆண் எடுத்துக்கொள்ளவில்லை என்பது இதிலிருந்து தெளிவு.

கடல் கடந்த வீட்டில் வாரம் இன்னும் இறுக்கம். பிரான்சின் பல ஊர்களில் தொடக்கப் பள்ளிக்குப் புதன்கிழமை கிடையாது. அன்று பிள்ளையை நீச்சலுக்கும் இசைக்கும் கூட்டிப் போவது தாய். சனிக்கிழமை தமிழ் வகுப்பு. ஞாயிறு துணி துவைப்பதும் வாரத்துக்கு மாவு அரைத்து வைப்பதும். களைத்த தாயின் தமிழ் அப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பார்க்கலாம்: “எழுந்திரு. பல் தேய். சாப்பிடு. கிளம்பு. போனை வை. படு.” எல்லாம் ஏவல். பிள்ளை சொன்னதைச் செய்கிறது, பதிலைப் பிரெஞ்சில் சொல்கிறது. “அப்புறம் என்னாச்சு தெரியுமா” என்று தொடங்கும் பேச்சு அதன் காதில் விழுவதில்லை. நேற்று நடந்ததைச் சொல்லும் தமிழும், ஏன் என்று விளக்கும் தமிழும், அத்தையைக் கேலி செய்யும் தமிழும் வகுப்பில் வராது. அவை முடி காய உட்கார்ந்திருக்கும் தாயிடமிருந்து வந்தவை. அவசரமில்லாத நேரத்தில்தான் ஒரு மொழி முழுதாகப் பேசப்படுகிறது.

ஆகவே பெற்றோரும் சங்கமும் செய்ய வேண்டியவை தெளிவானவை. முதலாவது, தாய்க்கென்று வாரத்தில் ஒரு நேரம் குறிக்கப்பட வேண்டும். எண்ணெய்க் குளியலோ நடையோ படிப்போ தூக்கமோ, எதுவானாலும் நாள், நேரம், பெயர் மூன்றும் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவது, அந்த நேரத்தில் அடுப்பும் பிள்ளையும் தந்தையின் பொறுப்பு. உப்பு எங்கே என்று குரல் கொடுத்தால் அது ஓய்வாகாது. மூன்றாவது, பிரான்சில் தந்தைக்கு 2021 ஜூலை முதல் 28 நாள் விடுப்பு உண்டு. அதில் ஒரு வாரம் பேறு முடிந்தவுடன் எடுத்தாக வேண்டும்; மற்றதை ஆறு மாதத்துக்குள் பிரித்து எடுக்கலாம். ஊரிலிருந்து வந்த அம்மா திரும்பிப் போகும் வாரத்துக்கு அதை வைத்துக்கொள்வது நல்லது.

நான்காவது சங்கத்தின் கடமை. தமிழ் வகுப்புக்குப் பிள்ளையைக் கூட்டி வருவதும், விழாவுக்குச் சமைப்பதும், பிறகு பாத்திரம் துலக்குவதும் தாய்மார்களுக்கே எழுதி வைத்ததுபோல் நடக்கின்றன. முறை வைத்துத் தந்தையரும் இவற்றைச் செய்யலாம். புதிதாகப் பிள்ளை பெற்ற வீட்டுக்கு, பாட்டி திரும்பிப் போன பிறகு இரண்டு வாரம் சாப்பாடு கொண்டு போய்க் கொடுக்கும் பொறுப்பைச் சங்கம் ஏற்கலாம். ஐந்தாவது, தந்தையும் தமிழ் பேச வேண்டும். மொழியைப் பிள்ளைக்குக் கொடுக்கும் வேலை முழுவதும் ஒருத்தியின் தோளில் இருக்கும் வரை, அவளுடைய களைப்பே பிள்ளையின் தமிழுக்கு எல்லையாக இருக்கும். இருவரும் அதைப் பகிர்ந்துகொண்டால் தாய்க்கு ஓய்வும் கிடைக்கும், பிள்ளைக்குத் தமிழும் நிலைக்கும்.