சித்திரத்தில் ஒரு சின்னம்: அது யாருடையது?

(புழலில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஓவியத்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், "கூலியைப் பற்றிப் பேசாமல் படத்தைப் பற்றி என்ன பேச்சு?" என்று சில தோழர்கள் நினைக்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். 1951-52ல் இந்த நாட்டில் முதல் பொதுத் தேர்தல் நடந்தது. அன்று எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர்தான். மற்றவர்கள் எப்படி ஓட்டுப் போட்டார்கள்? ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பெட்டி. பெட்டியின் மேல் ஒரு சின்னம். கதிரும் அரிவாளும் ஒட்டிய பெட்டியைக் கண்ட கூலி விவசாயி, "இது நம்முடையது" என்று தெரிந்துகொண்டான். அவனுக்கு யாரும் படித்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை.

ஒரு பொருளை வரைந்து, அதைக் கொண்டு வேறொரு பெரிய விஷயத்தைச் சொல்வதற்குக் குறியீடு என்று பெயர். இது படித்தவர்களின் சொத்து அல்ல. வாசலில் மாவிலைத் தோரணம் தொங்கினால் வீட்டில் விசேஷம் என்று தெரிகிறது. ஆலை வாசலில் கறுப்புக் கொடி ஏறினால் தொழிலாளி கொதித்துப் போயிருக்கிறான் என்று முதலாளிக்கும் தெரிகிறது. ஆகவே நமக்குக் குறியீடு புரியுமா என்பது கேள்வியே அல்ல. ஒரு சின்னம் யாருக்காகப் பேசுகிறது என்பதுதான் கேள்வி.

தேவியின் கையில் நெற்கதிர்

1905ல் வெள்ளைக்காரச் சர்க்கார் வங்காளத்தை இரண்டாகப் பிளந்தது. சுதேசி இயக்கம் பொங்கி எழுந்தது. அந்த ஆண்டு அவனீந்திரநாத் தாகூர் 'பாரத மாதா' என்ற சித்திரத்தைத் தீட்டினார். காவி உடுத்திய ஒரு பெண், நான்கு கைகள். ஒரு கையில் ஏடு, ஒரு கையில் நெற்கதிர், ஒரு கையில் வெள்ளைத் துணி, ஒரு கையில் ஜபமாலை. கல்வியும் சோறும் துணியும் அறமும் அன்னியனிடம் கையேந்தாமல் கிடைக்க வேண்டும் என்பது அதன் பொருள். அடிமைப்பட்ட தேசத்துக்கு அந்தப் படம் தெம்பு கொடுத்தது. அதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் உழைப்பவனின் கண்ணோடு அந்தப் படத்தைப் பாருங்கள். நெற்கதிர் இருக்கிறது, அதை விளைவித்தவன் எங்கே? துணி இருக்கிறது, நூல் நூற்றவன், தறி ஓட்டியவன் எங்கே? இதே சென்னையில் 1921ல் பக்கிங்ஹாம் கர்னாடிக் மில் தொழிலாளர்கள் போராடியபோது, துப்பாக்கிச் சூட்டில் அவர்கள் உயிர்கள் பலியாயின. துணி புனிதமானதாக இருந்தது. துணி செய்தவனின் உயிர் மலிவாக இருந்தது! பொருளைச் சின்னமாக்கி உயர்த்திவிட்டு, அதைப் படைத்தவனைப் படத்துக்கு வெளியே நிறுத்துவது ஆளும் வர்க்கத்துக்கு எப்போதும் வசதியானது.

வங்கத்தின் காலிச் சட்டி

படத்துக்கு வெளியே நின்றவனைப் படத்துக்குள் கொண்டுவந்தவர்களில் ஒருவர் சித்தப்பிரசாத். அவரும் வங்காளிதான்; கம்யூனிஸ்ட் ஓவியர்; ஓவியப் பள்ளியில் முறையாகப் பயிலாதவர். 1943ல் வங்கத்தில் கொடும் பஞ்சம். நெல் விளையும் பூமியில் சுமார் 30 லட்சம் பேர் மாண்டார்கள். யுத்தக் காலத்து ஏகாதிபத்தியக் கொள்கையும் பதுக்கல்காரர்களின் பேராசையும் சேர்ந்து செய்த கொலை அது. சித்தப்பிரசாத் மிதுனபுரி ஜில்லாவில் கிராமம் கிராமமாக நடந்தார். கண்டதைக் கறுப்பு மையால் தீட்டினார். எலும்பும் தோலுமான உழவர்கள், பிள்ளையைக் கிடத்திவிட்டு உட்கார்ந்திருக்கும் தாய், சோறில்லாத சட்டி.

'பசித்த வங்கம்' என்ற பெயரில் அந்தப் படங்கள் புத்தகமாக வந்தன. சர்க்கார் என்ன செய்தது தெரியுமா? பஞ்சத்தை நிறுத்தவில்லை, புத்தகத்தை நிறுத்தியது. 5,000 பிரதிகளைப் பறிமுதல் செய்து கொளுத்தியது. ஓவியரின் குடும்பத்தார் காப்பாற்றி வைத்திருந்த ஒரு பிரதியைக் கொண்டுதான் 2011ல் அது மறுபடியும் அச்சேறியது.

தோழர்களே, ஒரு காலிச் சட்டியின் படத்துக்குப் பீரங்கி வைத்திருந்த சாம்ராஜ்யம் ஏன் பயந்தது? அந்தச் சட்டி ஓவியர் கற்பனை செய்த பொருள் அல்ல. ஒவ்வொரு குடிசையிலும் இருந்த சட்டி. பார்த்தவன் அதில் தன் வீட்டைக் கண்டான். தேவியின் கையில் நெற்கதிர் 1905ன் குறியீடு என்றால், அந்த நெல்லை விளைவித்தவனின் காலிச் சட்டி 1943ன் குறியீடு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரசியல் தானாகவே விளங்கும்.

குதிரை, காளை, புறா

ஸ்பெயின் தேசத்தில் 1937 ஏப்ரல் 26 அன்று, சந்தை நாளில், குவர்னிகா என்ற ஊரின் மீது ஹிட்லரின் விமானங்களும் முசோலினியின் விமானங்களும் குண்டு பொழிந்தன. பிக்காசோ அதைச் சுமார் 25 அடி நீளச் சித்திரமாகத் தீட்டினார். அந்தப் படத்தில் விமானமும் இல்லை, குண்டும் இல்லை. ஈட்டி பாய்ந்து கதறும் குதிரை, அசையாமல் நிற்கும் காளை, இறந்த குழந்தையை ஏந்திய தாய், உடைந்த வாள். நிறம் கறுப்பு, வெள்ளை, சாம்பல் மட்டுமே. குதிரை மக்களைக் குறிக்கிறது, காளை கொடுமையையும் இருளையும் குறிக்கிறது என்று 1945ல் ஒரு பேட்டியில் பிக்காசோ விளக்கினார். குவர்னிகாவின் பெயரைக் கேள்விப்படாதவனும் அந்தத் தாயின் முன் நின்றால் நெஞ்சு பதறுவான்.

1944ல் பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தவர் அவர். 1949ல் பாரிஸ் சமாதான மாநாட்டின் சுவரொட்டியில் அவர் வரைந்த புறா இடம்பெற்றது. அணுகுண்டு வேண்டாம் என்ற கோடிக்கணக்கான மக்களின் குரல் அந்தப் பறவையின் மேல் ஏறியது. அந்தக் குரல் இல்லாவிட்டால் அது வெறும் பறவைதான்.

நம் சென்னையிலும் குறியீட்டை ஆராய்ந்த பெரிய ஓவியர் ஒருவர் இருந்தார். அரசு ஓவியக் கல்லூரியின் தலைவராயிருந்து, 1966ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கர். 1963 முதல் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசையைத் தீட்டினார். ஜாதகக் கட்டம், கணக்குக் குறி, எழுத்துப் போலத் தோன்றினாலும் படிக்க முடியாத எழுத்து. மேல்நாட்டைப் பார்த்து எழுதாமல் இந்த மண்ணின் ஏட்டுச் சுவடியிலிருந்து வழி தேடினார். புரியவில்லை என்று அதைத் தூற்ற வேண்டாம். பொறுமையாகப் பார்த்தால் கண் பழகும். ஆனால் தனி மனிதர் நிதானமாகப் பார்க்கும் குறியீடு வேறு. ஆயிரம் பேர் தோளில் சுமந்து நடக்கும் குறியீடு வேறு. இரண்டாவது வகை, கண்டவுடனே பேச வேண்டும்.

வாள் வேண்டாம் என்றார் லெனின்

அரிவாள் சுத்தியலைப் பாருங்கள். 1918ல் சோவியத் அரசின் சின்னத்துக்கு வந்த ஒரு வரைவில் அரிவாள் சுத்தியலோடு ஒரு வாளும் இருந்தது. வாளை எடுத்துவிடச் சொன்னார் லெனின். நாடு பிடிப்பது நம் கொள்கையல்ல என்பது காரணம். வேலை செய்யும் கருவிகள் மட்டும் நின்றன. ஒரு சின்னத்தில் எதை வரைகிறோம் என்பதைப் போலவே எதை நீக்குகிறோம் என்பதும் அரசியல்தான்.

1923ல் சிங்காரவேலர் இந்தச் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். தம் மகளின் சிவப்புப் புடவையைக் கிழித்துக் கொடியாக்கினார் என்பது நம் இயக்கத்தில் வழங்கிவரும் செய்தி. புடவை கொடியானது எதனால்? அதன் கீழே தொழிலாளர்கள் நின்றதால்.

1991ல் கிரெம்ளினில் செங்கொடி இறக்கப்பட்டபோது, சின்னம் செத்துவிட்டது என்று முதலாளித்துவ உலகம் கொண்டாடியது. இன்று நம் வாலிபர்களே கேட்கிறார்கள்: "கதிரை இயந்திரம் அறுக்கிறது. வயல் மனையாகிவிட்டது. நான் ஓட்டுவது கன்டெய்னர் லாரி. என் கையில் சுத்தியலும் இல்லை, அரிவாளும் இல்லை. இந்தச் சின்னம் எப்படி என்னுடையது?"

அவர்களைக் கோபிக்காதீர்கள், பதில் சொல்லுங்கள். அந்தச் சின்னம் இரும்பைக் குறிக்கவில்லை. ஒன்றன் மேல் ஒன்றாக அவை சேர்ந்திருப்பதுதான் பொருள். ஆலையும் வயலும் கைகோத்தல். ஒப்பந்தத் தொழிலாளியும் நிரந்தரத் தொழிலாளியும், வடமாநிலத்திலிருந்து வந்தவனும் உள்ளூர்க்காரனும் சேராத ஆலையில், சுவர் முழுக்க அரிவாள் சுத்தியல் எழுதினாலும் அது வெறும் சாயம். சேர்ந்துவிட்டால், கரித்துண்டால் கிறுக்கினாலும் அது கொடி.

நமது சுவர்

ஆகவே சுவரெழுதும் தோழர்களுக்கு இரண்டு வேண்டுகோள். நம் தட்டிகளில் உயரும் முஷ்டி எப்போதும் ஆணின் முஷ்டியாகவே இருக்கிறது. நாற்று நடும் கை யாருடையது? செங்குன்றம் அரிசி ஆலைகளின் களத்தில் வெயிலில் நெல்லைக் காலால் கிளறிக் காயவைப்பவர்கள் யார்? அந்தக் கையையும் அந்தக் காலையும் வரையுங்கள். வரைவதற்கு முன் அந்தப் பெண்களிடமே காட்டிக் கேளுங்கள்.

இரண்டாவது, சின்னத்தை மட்டும் எழுதிவிட்டுத் திரும்பாதீர்கள். அதன் கீழே அந்த ஆலையின் கோரிக்கையை, அந்த ஊரின் கூலித் தொகையை எழுதுங்கள். சின்னம் கண்ணை இழுக்கும். கோரிக்கை காலை இழுத்து வரும்.

சோறும் துணியும் தேவியின் கையில் இருப்பது அழகுதான். அவற்றைப் படைத்தவர்களின் கைக்கு அவை வந்து சேரும் நாளுக்காகவே நாம் சுவரில் வரைகிறோம். அந்த நாளுக்காகவே சங்கத்தில் சேருகிறோம்.

ஓங்குக தொழிலாளர் – விவசாயி ஒற்றுமை!