விருந்தாளியை எங்கே சாப்பிட வைப்பது?



பள்ளி விடுமுறை நெருங்கினால் நம்மில் பலருக்கு இப்படி ஒரு அழைப்பு வரும். "சித்தப்பா, அடுத்த வாரம் குடும்பத்தோட கோலாலம்பூர் வர்றோம். பங்சார்லதான் தங்கறோம். எங்க சாப்பிடலாம்?" கேட்பவர் மதுரைக்காரராக இருக்கலாம், டில்லியில் வேலை பார்க்கும் அண்ணன் மகனாக இருக்கலாம். நம்மவர்கள் பலர் உடனே சென்னையிலிருந்து வந்து இங்கே கிளை திறந்த கடையின் பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். பழகிய ருசியாக இருக்கட்டுமே என்ற நல்ல எண்ணம்தான். ஆனாலும் எனக்கு இதில் உடன்பாடு இல்லை. வீட்டுக்குப் பக்கத்தில் கிடைக்கிற அதே இட்லியைச் சாப்பிடவா அவர்கள் கடல் தாண்டி வருகிறார்கள்? இந்த மண்ணில் நம் பாட்டிமார் கைபட்டு மாறிய சமையலை அவர்கள் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

டில்லிக்குப் போகிறவர்களிடம் அந்த ஊர்க்காரர்கள் எதைச் சொல்வார்கள்? ஜும்மா மசூதிக்குப் பக்கத்துச் சந்தில் 1913-இல் தொடங்கிய கரீம் ஓட்டலைச் சொல்வார்கள். சாந்தினி சௌக்கில் பராத்தா சுடும் தெருவைச் சொல்வார்கள். நெரிசல், புகை, உட்கார இடமில்லை, எல்லாம் தெரிந்தேதான் அனுப்புவார்கள். நாமும் அப்படித் தயங்காமல் கைகாட்ட வேண்டியது வாழை இலைக் கடையை.

பங்சாரில் அதற்குத் தனிப் பொருத்தம் உண்டு. இன்றைக்குக் காப்பிக் கடைகளும் துணிக்கடைகளும் நிறைந்திருக்கும் இந்தக் குன்றெல்லாம் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். பால்மரம் வெட்டியவர்களில் பெரும்பாலோர் நம் தமிழர்கள். 1960களின் இறுதியிலிருந்து வீடமைப்பு வந்தது, மரங்கள் போயின, லயங்கள் போயின. தோட்டத்து மக்கள் எங்கெங்கோ சிதறினார்கள். பணக்காரப் பேட்டையாகிவிட்ட இடத்தில், நண்பகலானால் வரிசை வரிசையாக இலை விழுகிறது என்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

ஜாலான் தெலாவி 3-இல் ஸ்ரீ நிர்வாணா மாஜு இருக்கிறது. பங்சார் என்றதும் பலருடைய வாயில் முதலில் வரும் பெயர் அதுதான். பன்னிரண்டு மணிக்கு முன்பே போய்விடுங்கள். அலுவலகக் கூட்டம் வந்துவிட்டால் வாசலில் காத்து நிற்க வேண்டியதுதான். உட்கார்ந்ததும் இலை வரும். சோறு போடுபவர் "வெள்ளை அரிசியா, புழுங்கலா?" என்று கேட்பார். புழுங்கல் கேளுங்கள், குழம்பைத் தாங்குவது அதுதான். இரண்டு மூன்று காய்கறி, அப்பளம், ஊறுகாய் விழும். பிறகு குழம்பு வாளி: கோழியா, மீனா, நண்டா, பருப்பா? கோழிக் குழம்பையும் மீன் குழம்பையும் கலந்து ஊற்றச் சொல்வது நம் ஊர்ப் பழக்கம். தஞ்சாவூரிலிருந்து வந்த மாமி முகம் சுளிப்பார். ஒரு வாய் சாப்பிட்ட பிறகு இன்னொரு கரண்டி கேட்பார்.

அங்கே பாகற்காயை விட்டுவிடாதீர்கள். மெல்லிய வில்லைகளாக நறுக்கி, மாவில் பிரட்டி, மொறுமொறுவென்று பொரித்திருப்பார்கள். கடித்தால் நொறுங்கும், கசப்பு கடைசியில்தான் எட்டிப் பார்க்கும். பாகற்காய் என்றாலே ஓடுகிற பிள்ளைகள் தட்டைக் காலி செய்வதைப் பார்க்கலாம். ஆட்டிறைச்சிப் பிரட்டலும் கணவாய்ப் பொரியலும் தனித் தட்டில் வரும். சோறும் காய்கறியும் கேட்கக் கேட்கப் போடுவார்கள். இறைச்சி, நண்டு, இறாலுக்குத் தனி விலை. அதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள். கடைசியில் கூச்சப்படுவதைவிட முன்னால் கேட்பது மேல். ரசம் டம்ளரில் வரும், சூடாக அப்படியே குடிக்கலாம்.

இன்னொன்றையும் விருந்தாளிக்குக் காட்டுங்கள். பக்கத்து மேசையில் கழுத்தில் அலுவலக அட்டை தொங்க ஒரு சீனப் பெண் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அதற்கடுத்த மேசையில் ஒரு மலாய்க் குடும்பம் நண்டு ஓட்டை உடைத்துக்கொண்டிருக்கும். அது யாருக்கும் வியப்பில்லை. தோட்டத்திலும் கோயில் அன்னதானத்திலும் இருந்த நம் இலை, இந்த நாட்டாருக்கெல்லாம் பொதுச் சாப்பாடாகிவிட்டது.

காலையில் என்ன செய்வது என்று கேட்டால் லக்கி கார்டன் பக்கம் அனுப்புங்கள். பழக்கடை, காய்கறிக்கடை, ஆப்பமும் இடியாப்பமும் விற்கிற சிறு கடை எல்லாம் அங்கே உண்டு. இங்கே இடியாப்பத்துக்குத் தேங்காய்த் துருவலும் பழுப்புச் சர்க்கரையும் தருவார்கள். குருமாவைத் தேடும் விருந்தாளியிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலையென்றால் பங்சார் பாருவின் இரவுச் சந்தை இருக்கிறது. ஒரு விஷயம்: பங்சார் எல்ஆர்டி நிலையத்தில் இறங்கி தெலாவிக்கு நடந்துவிடலாம் என்று வரைபடத்தைப் பார்த்து நினைத்துவிடுவார்கள். வெயிலில் அது பெரிய தூரம், அதுவும் மேடு. பஸ்ஸிலோ வாடகைக் காரிலோ வரச் சொல்லுங்கள்.

சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களைப் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு அழைத்துப் போங்கள், அருகில்தான். ஜாலான் பெர்ஹாலாவில் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் இருக்கிறது. சுவாமி சாந்தானந்த சரஸ்வதியின் வழிகாட்டலில் 1981-இல் தொடங்கிய கலை நிலையம். அங்கேதான் அன்னலட்சுமி உணவகம். வேண்டியதைச் சாப்பிடுங்கள், மனதுக்குப் பட்டதைக் கொடுங்கள் என்ற கொள்கையில் எழுந்த உணவகம் அது. டில்லிக்காரர்களுக்குக் குருத்வாராவில் லங்கர் என்ற இலவசச் சாப்பாடு பழக்கம், அவர்களுக்கு இது உடனே பிடித்துப்போகும்.

பிரிக்ஃபீல்ட்ஸில் தமிழ்ச் சமையலின் இன்னொரு கிளையும் இருக்கிறது, அதை நாமே அடிக்கடி மறந்துவிடுகிறோம். ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் வேலைக்கு வந்த யாழ்ப்பாணத் தமிழர்கள் குடியேறிய இடம் அது. ஜாலான் ஸ்காட்டில் அவர்கள் எழுப்பிய கந்தசுவாமி கோயில் அதற்குச் சாட்சி. அவர்களுடைய நண்டுக் குழம்பும் புட்டும் சொதியும் நம் வாழை இலைக் கடைச் சமையலிலிருந்து வேறுபட்டவை. வறுத்து அரைத்த தூளின் வாசனையே வேறு. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்தச் சமையல் தெரியும்? ஒருவேளையாவது அதைச் சாப்பிட வையுங்கள். 2010 அக்டோபரில் இந்திய, மலேசியப் பிரதமர்கள் இருவரும் வந்து லிட்டில் இந்தியாவாகத் திறந்துவைத்த வண்ண வளைவுகளைப் படம் எடுக்க எல்லாரும் போகிறார்கள். படம் எடுத்த கையோடு இதையும் செய்யலாம்.

இரவு பசித்தால் மாமாக் கடை இருக்கவே இருக்கிறது. மாவு உருண்டையைத் தட்டி, காற்றில் வீசி, தாள்போல விரித்து, மடித்துச் சுடுகிற கைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்காருங்கள். ரொட்டி சானாயும் தே தாரேக்கும் சொல்லுங்கள். தேநீரைக் குவளைக்குக் குவளை உயர்த்தி ஆற்றுவதைப் பிள்ளைகள் பார்க்கட்டும்.

ஒரு நாள் மிச்சமிருந்தால் கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறி கிள்ளானுக்குப் போங்கள். ஜாலான் தெங்கு கிளானாவில் முறுக்கும் பலகாரமும் வாங்கிக்கொண்டு, மதியச் சாப்பாட்டையும் அங்கேயே முடித்துக்கொள்ளலாம். தீபாவளிக்கு முந்திய வாரங்களில் மட்டும் அங்கே சனிக்கிழமை போகாதீர்கள், நிற்க இடம் கிடைக்காது.