ஒத்தையா சைக்கிள்ல போன பொண்ணுங்க
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு மேடைப் பேச்சு பழக்கம் இல்லை. குழு நோட்டு எழுதச் சொன்னா எழுதிருவேன், வட்டிக் கணக்குப் போடச் சொன்னா போட்டுருவேன். ஆனாலும் போன மாதக் கூட்டத்தில் ஒரு பேச்சு வந்துச்சு. கூட்டமைப்பு நிதியில் நாலு சைக்கிள் வாங்கி, ஓட்டத் தெரியாத உறுப்பினர்களுக்குப் பழக்கிக் கொடுக்கலாமா, பழகினவங்களுக்கு சைக்கிள் வாங்க உள்கடன் கொடுக்கலாமா என்று. கேட்ட உடனே பாதிப் பேர் சிரிச்சுட்டோம். “இந்த வயசுலயா?”, “சேலையைக் கட்டிக்கிட்டா?”, “தனியாவா?” என்று மூணு கேள்வி வந்துச்சு. அந்த மூணு கேள்விக்கும் ஏற்கெனவே பதில் சொல்லிட்டுப் போன பெண்களைப் பத்தித்தான் இன்னைக்குப் பேச வந்திருக்கேன்.

முதல்ல நம்ம நிலைமையைச் சொல்றேன். நாம மலையடிவாரத்து ஆளுங்க. மேல ஏலத்தோட்டத்துக்குப் போறவங்க வெள்ளன எந்திரிச்சு, தூக்குச்சட்டியில சோத்தைப் போட்டுக்கிட்டு ஜீப்புல ஏறிப் போறாங்க. போடிமெட்டுக்குப் போற பாதையில 17 கொண்டை ஊசி வளைவு இருக்கு. அங்க தினமும் வேலைக்கு சைக்கிள்ல போகலாம்னு நான் சொல்ல வரல, சொன்னா எனக்கே சிரிப்பு வரும். நான் சொல்றது கீழ இருக்கிற பாதையை. போடிக்குக் காய் தரம் பிரிக்கப் போறவங்க, சந்தைக்குக் கீரையும் முருங்கைக்காயும் கொண்டு போறவங்க, வங்கிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போறவங்க, பிள்ளையை டியூஷன்ல விட்டுக் கூட்டிட்டு வர்றவங்க. ஆறேழு கிலோமீட்டர் சமதரை. அதுக்குத்தான் நாம மரத்தடியில காத்துக் கிடக்கோம்.

2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் நமக்கு டிக்கெட் கிடையாது. பெரிய உதவி, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா டிக்கெட் இல்லாட்டியும் பஸ் வரணும்ல? எங்க குழு அக்கா ஒருத்தர் போடியில ஒரு குடோனுக்குக் காய் பிரிக்கப் போறாங்க. நேரத்துக்குப் போய் உட்கார்ந்தாத்தான் அன்னைக்குக் கூலி. பஸ் தவறினா ஆட்டோ, ஆட்டோவும் நிறைஞ்சு போச்சுன்னா திரும்பி வீட்டுக்கு. மாசத்துல நாலு நாள், அஞ்சு நாள் இப்படியே போகுது. அந்த நாலு நாள் கூலிதான் அவங்க சந்தாவும் கடன் தவணையும்.

என் கதையையும் ரெண்டு வரியில சொல்லிடுறேன். நான் 2005ல பத்தாவது முடிச்சேன். பதினொண்ணாவது படிக்க போடிக்குப் போகணும். “பஸ் ஏத்திவிட யாரு, கூட்டிட்டு வர யாரு” என்று வீட்டில் கேட்டாங்க, படிப்பு அத்தோட நின்னுச்சு. பதினொண்ணாவது போன பிள்ளைகளுக்கு அரசாங்கம் சைக்கிள் கொடுத்துச்சு. சைக்கிள் இல்லாததால படிப்பு போச்சு, படிப்பு போனதால சைக்கிளும் வரல. இந்த முடிச்சு எனக்கு மட்டும் விழுந்ததில்லை, இங்க உட்கார்ந்திருக்கிற நெறையப் பேருக்கு விழுந்திருக்கு.

சரி, இப்ப முதல் கதைக்கு வர்றேன். இது நம்ம தமிழ்நாட்டில், புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்தது. 1991ல அங்க அறிவொளி இயக்கம் ஆரம்பிச்சாங்க. கையெழுத்துப் போடத் தெரியாத பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தாங்க. அப்ப மாவட்ட ஆட்சியரா இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் என்கிற அம்மா. எழுத்து மட்டும் போதாது, ஊர் விட்டு ஊர் போக முடியாத பெண் படிச்சும் என்ன பண்ணுவாள் என்று யோசிச்சு, சைக்கிள் ஓட்டப் பழகுறதையும் படிப்போட சேர்த்துட்டாங்க. பெண்கள் சைக்கிள் வாங்குறதுக்கு வங்கிக் கடனுக்கும் வழி பண்ணாங்க.

அந்த ரெண்டு வருஷத்துக்குள்ள ஒரு லட்சத்துக்கு மேல கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகினாங்கன்னு பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கார். அவங்க யாரு? நாத்து நட்டவங்க, கல் உடைச்சவங்க, பால்வாடி டீச்சர், நர்ஸ். குமரிப் பிள்ளைகளும் உண்டு, பிள்ளை பெத்தவங்களும் உண்டு. 1992ல மகளிர் தினத்தை ஒட்டி 1,500 பேருக்கு மேல புதுக்கோட்டை டவுனுக்குள்ள சைக்கிள்லயே ஊர்வலமா வந்தாங்க. கேலி பேசினவங்க அங்கயும் இருந்தாங்க, அசிங்கமாப் பேசினவங்களும் இருந்தாங்க. எத்தனை பேரைத்தான் கேலி பண்ண முடியும்? ஒருத்தி போனா பேச்சு, ஊரே போனா அது வழக்கம்.

அதில் எனக்குப் பிடிச்ச ஒரு விஷயம் உண்டு. லேடீஸ் சைக்கிள் கிடைக்காதப்போ அவங்க ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினாங்க. சில பேர் அதுதான் வேணும்னே சொன்னாங்களாம், ஏன்னா முன்னாடி பார்ல பிள்ளையை உட்கார வைக்கலாம். கேரியர்ல குடம், முன்னாடி பிள்ளை. சேலையோடதான் ஓட்டினாங்க. அப்ப “சேலையைக் கட்டிக்கிட்டா?” என்கிற கேள்விக்கு 30 வருஷத்துக்கு முன்னாடியே பதில் வந்தாச்சு.

சைக்கிள் வந்ததால் என்ன மாறிச்சுன்னா, விளைஞ்சதை விக்கப் போறவங்க பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரம் மிச்சமாச்சு. அந்த நேரத்துல இன்னும் ரெண்டு ஊர் போய் விக்க முடிஞ்சுச்சு. பஸ் ஸ்டாப் வரைக்கும் கொண்டு போய் விடுங்கன்னு அண்ணன்கிட்டயும் வீட்டுக்காரர்கிட்டயும் கெஞ்ச வேண்டியது இல்லாமப் போச்சு. காசை விட இதுதான் பெரிசுன்னு நான் நினைக்கிறேன்.

அடுத்து “இந்த வயசுலயா, தனியாவா?” என்கிற கேள்வி. இதுக்குப் பதில் சொல்ல ஒரு வெளிநாட்டு அம்மாவைக் கூப்பிடுறேன். அயர்லாந்து நாட்டில் லிஸ்மோர் என்கிற சின்ன ஊர்க்காரர். பேரு டெர்வ்லா மர்பி, 1931ல பிறந்தவர். பத்து வயசுப் பிறந்தநாளுக்கு ஒரு பழைய சைக்கிளும் உலகப் படப் புத்தகமும் பரிசா வந்துச்சு. மேட்டுல சைக்கிளை மிதிச்சுக்கிட்டே, இப்படியே மிதிச்சா இந்தியாவுக்கே போயிரலாமேன்னு அந்தப் பிள்ளைக்குத் தோணுச்சு. இந்தியான்னா நம்ம நாடுதான் தாயி.

ஆனா உடனே கிளம்பல. அவங்க அம்மாவுக்கு முடக்குவாதம். கை கால் அசைக்க முடியாத அம்மாவைப் பார்த்துக்கிறதுக்காக 14 வயசுலயே பள்ளிக்கூடத்தை விட்டு நின்னுட்டாங்க. அப்புறம் பல வருஷம் சமையல், வீட்டு வேலை, அம்மாவைத் தூக்கி உட்கார வைக்கிறது, குளிப்பாட்டுறது. இதைப் படிச்சப்ப எனக்கு, இது நம்ம ஊர்க் கதை மாதிரில்ல இருக்குன்னு பட்டுச்சு. நம்மள்ல எத்தனை பேர் மாமியாரையும் அம்மாவையும் அப்படிப் பார்த்திருக்கோம்! 1962ல அந்த அம்மா இறந்துட்டாங்க. 1963 ஜனவரி மாதம், 31 வயசுல, டெர்வ்லா தனியா சைக்கிள்ல கிளம்பிட்டாங்க.

அதுவும் ஆண்கள் ஓட்டுற சைக்கிள். கியர் இருந்துச்சாம், நம்ம பக்கத்து ரோட்டுக்கு அது தாங்காது, அடிக்கடி கெட்டுப் போகும்னு அதைக் கழட்டிப் போட்டுட்டாங்க. நம்ம வீட்டுல நிக்கிற சைக்கிள் மாதிரி ஒத்தைப் பல்சக்கரத்துல ஐரோப்பா, துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் தாண்டி டெல்லி வந்து சேர்ந்தாங்க. ஆறு மாசம் ஆச்சு. கிளம்பின நேரம் கொடும் பனி. மலை வந்தா இறங்கித் தள்ளினாங்க, தள்ள முடியாத இடத்துல தூக்கினாங்க. ராத்திரி எந்த ஊர் வருதோ அங்க, டீக்கடையிலயும் கிராமத்து வீடுகள்லயும் தங்கினாங்க.

ஆபத்தே வரலையான்னா, வந்துச்சு. மறைக்க வேண்டாம். ஆப்கானிஸ்தான்ல விலா எலும்பு முறிஞ்சுச்சு. ஆனா அது எங்க நடந்துச்சு தெரியுமா? சைக்கிள்ல இல்ல, பஸ்ஸுக்குள்ள. பஸ்ஸில் நடந்த சண்டையில துப்பாக்கிக் கட்டை அவங்க மேல பட்டுருச்சு. தனியா சைக்கிள்ல போனாத்தான் ஆபத்து, கூட்டத்தோட பஸ்ல போனா பத்திரம்னு ஒரே அடியா சொல்ல முடியாதுங்கிறதுக்கு இதைச் சொல்றேன். பஸ் கூட்டத்துல நாம படுற பாடு நமக்குத் தெரியாதா?

அந்தப் பயணத்தைப் புத்தகமா எழுதினாங்க. அப்புறம் வயசான காலம் வரைக்கும் நாடு நாடாப் போனாங்க. அஞ்சு வயசு மகளைக் கூட்டிக்கிட்டு நம்ம தென்னிந்தியாவுக்கும் வந்திருக்காங்க. 2022ல, 90 வயசுல இறந்தாங்க. பள்ளிக்கூடம் 14 வயசோட முடிஞ்ச ஒரு பெண்.

அது வெள்ளைக்காரம்மா, நமக்கு ஒத்து வருமான்னு கேப்பீங்க. அதுக்கு ஆஷா மாளவியா. மத்தியப் பிரதேசம் ராஜ்கர் மாவட்டத்துக் கிராமத்துப் பொண்ணு. சின்ன வயசுலயே அப்பா இல்லை, அம்மா கூலி வேலை செஞ்சு வளர்த்தாங்க. அந்தப் பொண்ணு 2022 நவம்பர் 1ஆம் தேதி போபால்ல இருந்து சைக்கிள்ல கிளம்புச்சு. பெண்கள் பாதுகாப்பா நடமாட முடியும்னு காட்டணும், பெண்கள் முன்னேறணும், இதுதான் அது சொன்ன காரணம். மாநிலம் மாநிலமா, ஒத்தையா, 20,000 கிலோமீட்டருக்கு மேல. நம்ம தமிழ்நாட்டுக்கும் வந்து முதலமைச்சர் மு.க. ஸ்டாலினைப் பார்த்துட்டுப் போச்சு. போற ஊர்ல கலெக்டர், போலீஸ் அதிகாரிகளைப் பார்த்து, பள்ளிக்கூடப் பிள்ளைககிட்டப் பேசிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிரும். கூலிக்காரி மகள்தான் அது, பணக்கார வீட்டுப் பொண்ணு இல்லை.

இவங்க எல்லாம் எப்படி அவ்வளவு தூரம் போனாங்கன்னு நானும் யோசிச்சுப் பார்த்தேன். அதுல மந்திரம் ஒண்ணும் இல்லை. பழகினவங்க சைக்கிள்ல ஒரு மணி நேரத்துக்கு 10, 12 கிலோமீட்டர் போகலாம். வெயிலுக்கு முன்னாடி மூணு மணி நேரம், வெயில் தாழ மூணு மணி நேரம் மிதிச்சா 60, 70 கிலோமீட்டர். அது போடியிலிருந்து கம்பம் போய்த் திரும்புற தூரத்துக்குக் கிட்ட. கையில பஞ்சர் ஒட்டுற சாமான், காத்தடிக்கிற பம்ப், ஒரு ஸ்பேனர், தண்ணி, மாத்துத் துணி. செயின் கழண்டா மாட்டத் தெரியணும், பிரேக் கட்டையைப் பார்த்துக்கத் தெரியணும். பெரிய ரோட்டை விட்டுட்டுச் சின்ன ஊர்ப் பாதையில போனா லாரித் தொந்தரவு குறைவு, தாகத்துக்குத் தண்ணி கேக்க வீடும் உண்டு. நாள் கணக்குப் பார்த்துப் போனாத் தூரம் தானா குறையும். சந்தா கட்டுற மாதிரித்தான், வாரம் கொஞ்சமாச் சேர்த்துத்தானே நாம இன்னைக்கு லட்சத்துல கடன் வாங்குறோம்.

நாம யாரும் டெல்லிக்குப் போக வேண்டாம். ஆறு கிலோமீட்டர் போனாப் போதும். சொந்தக் கால்ல, சொந்த நேரத்துக்குப் போகணும், அவ்வளவுதான்.

இப்பக் கணக்கைச் சொல்றேன், இது என் சோலி. ஒரு சைக்கிள் 7,000 ரூபாய்னு வச்சுக்குவோம். உள்கடன், நூத்துக்கு மாசம் ஒரு ரூபாய் வட்டி, பத்துத் தவணை. மாசம் அசல் 700. வட்டி முதல் மாசம் 70, அப்புறம் குறைஞ்சுக்கிட்டே வந்து கடைசி மாசம் 7. மொத்த வட்டி 385. ஆக 7,385 ரூபாய். காலையில பஸ் தவறி ஆட்டோவுக்கு 20 ரூபாய் கொடுக்கிறவங்களுக்கு, 25 நாளைக்கு 500 ரூபாய். பதினஞ்சு மாசத்துல சைக்கிள் காசு வந்துரும். கூலி போன நாளை நான் இதுல சேர்க்கவே இல்லை. சேர்த்தா இன்னும் சீக்கிரம். ஸ்கூட்டி நல்லதுதான், வாங்க முடிஞ்சவங்க வாங்கட்டும். ஆனா அதுக்குப் பெட்ரோலும் லைசென்சும் வேணும். சைக்கிளுக்கு ரெண்டும் வேண்டாம்.

பழகுறதுக்கு வெட்கப்பட வேண்டாம். சின்னப் பிள்ளையில அண்ணன் சைக்கிளை எடுத்துக் குரங்குப் பெடல் போட்டவங்க இங்க எத்தனை பேர் இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். வயசுக்கு வந்த அன்னைக்கு அதை நிறுத்தினாங்க. காலுக்கு அது மறந்திருக்காது. சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்துல, ரெண்டு ரெண்டு பேராப் பழகலாம். ஒருத்தி பின்னாடி கேரியரைப் பிடிச்சுக்கணும், ஒருத்தி ஓட்டணும். ஓட்டத் தெரிஞ்ச நம்ம பிள்ளைகளையே சொல்லிக் கொடுக்கச் சொல்லலாம். முட்டி வலி, உடம்புக்கு முடியாதவங்களை யாரும் கட்டாயப்படுத்தப் போறதில்லை. பக்கத்து வீட்டுக்காரி ஓட்டினா அவங்களுக்கும் மருந்து மாத்திரை வாங்கிட்டு வருவா.

அதனால கூட்டமைப்பு நிர்வாகிகளை மூணு கேட்டுக்கிறேன். ஒண்ணு, பழகுறதுக்கு நாலு சைக்கிள், அதுல ரெண்டு பார் வச்சதா இருக்கட்டும். ரெண்டு, பழகி முடிச்ச உறுப்பினருக்கு சைக்கிள் கடன், மத்தக் கடன் நிலுவையில இருக்குன்னு தட்டிக் கழிக்காம. மூணு, அடுத்த வருஷம் மகளிர் தினத்துக்கு மேடையில உட்காராம, நம்ம கூட்டமைப்புப் பெண்கள் எல்லாரும் சைக்கிள்லயே போடி டவுனுக்குள்ள ஒரு சுத்து சுத்தி வரணும்.

இந்த வரவு செலவு எல்லாம் நோட்டுல எழுதிக் கொண்டு வந்திருக்கேன். சந்தேகம் இருக்கிறவங்க சாப்பாட்டு நேரத்துல கேளுங்க. தீர்மானம் வரும்போது சிரிக்காமக் கை தூக்குங்க.