பழந்துணியும் புத்தாடையும்

(மகளிர் குழுக்களின் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்று நாங்கள் பேச எடுத்துக்கொண்ட பொருள் சாலையும் அன்று, குடிநீரும் அன்று; உங்கள் வீட்டு மூலையில் மூட்டையாகக் கிடக்கும் பழந்துணியே ஆகும். இதில் பேச என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணலாம். ஒரு காலத்தில் நாங்களும் அவ்வாறே எண்ணித் தவறு செய்தோம். அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் கரை கடந்தபோது நாங்கள் டெல்டாப் பகுதியில் பணியாற்றி வந்தோம். வெளியூர் அன்பர்கள் பலர் நல்லெண்ணத்தோடு பழைய உடைகளை மூட்டை மூட்டையாக அனுப்பினர். அவற்றைப் பிரித்துப் பாராமலே ஊர்தோறும் இறக்கினோம். உள்ளே இருந்தவை அளவு பொருந்தாத சட்டைகளும் கிழிந்த கால்சட்டைகளுமே. மக்கள் அவற்றைத் தொடவில்லை. “வீடு போயிற்று ஐயா, மானம் போகவில்லை” என்றார் ஒரு மூதாட்டி. சில நாட்களில் அம்மூட்டைகள் குளக்கரையில் நனைந்து கிடந்தன.

பின்னர் தையல் அறிந்த மகளிர் நால்வர் முன்வந்தனர். நல்ல துணிகளைப் பொறுக்கி, வெந்நீரில் அலசி, தையல் பிரித்து, அவ்வூர்க் குழந்தைகளுக்கு அளவெடுத்துத் தைத்தனர். அவற்றைத் தாய்மார்கள் மனமுவந்து பெற்றுச் சென்றனர். கழித்த துணியைக் கொடுப்பது வேறு, அதையே ஒருவருக்கென்று ஆக்கித் தருவது வேறு என்பதை அன்று கற்றோம்.

இது புதிய கலை அன்று. வங்காளத்துப் பெண்கள் பழைய சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே ஓட்டுத் தையல் போட்டு, ‘காந்தா’ என்னும் போர்வை செய்தனர். நம் வீடுகளிலும் பாட்டியின் நூற்சேலை பேரனுக்குத் தூளியாயிற்று.

இனிச் செய்முறையைக் கூறுவோம். துணியை முதலில் துவைத்து உலர்த்தி வெயிலுக்கெதிரே பிடித்துப் பாருங்கள். இழை நைந்த இடம் தெரியும்; அதை விலக்கிவிடுங்கள். கத்தரிக்குமுன் தையலைப் பிளேடால் பிரித்து, பொத்தான்களை எடுத்து வையுங்கள். குழந்தைக்குப் பொருந்தும் சட்டையொன்றைச் செய்தித்தாள்மீது பரப்பி வரைந்து, தையலுக்கு அரை அங்குலம் கூட்டி, முதலில் தாளை வெட்டுங்கள். பிறகே துணியை வெட்டுங்கள். குழந்தை வளருமாதலால் கீழே 2 அங்குலம் மடிப்பு விடுங்கள்.

சட்டையில் முதலில் நைவது காலர். அதைப் பிரித்து மறுபுறம் திருப்பித் தைத்தால் சட்டை மேலும் சில காலம் உழைக்கும். நடுவில் நைந்த போர்வையை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து, உறுதியான ஓரங்களை நடுவே இணைத்துத் தையுங்கள். சேலையின் முந்தானை உறுதியாக இருந்தால் சிறுமியின் பாவாடையாகும். கால்சட்டையின் கால் துணி பையாகும். இவற்றுக்கு ஊசியும் நூலும் போதும். அக்குள் போன்ற இழுபடும் இடங்களில் மட்டும் பின்தையல் போடவேண்டும்.

ஓர் எச்சரிக்கை. பாலியெஸ்டர், நைலான் துணிகள் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். அவற்றை அடுப்படிப் பிடிதுணியாக வைத்துக்கொள்ளாதீர்கள். கைக்குழந்தைக்கு மெல்லிய பருத்தித் துணியே ஏற்றது.

ஊராட்சி அன்பர்கள் செய்யவேண்டியது என்ன? மழை படாத ஓர் அறையும், குழுக்களுக்குப் பொதுவாக ஒரு தையல் இயந்திரமும் ஏற்பாடு செய்யுங்கள். துவைத்த துணியை மட்டும் பெறுங்கள். 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்கு நம் மாநிலத்தில் தடை உள்ளது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் தொடங்கப்பட்டது. ஆகவே, குழுவினர் தைக்கும் பைகளை உள்ளூர்க் கடைகளே வாங்கச் செய்யலாம்.

போகியன்று பழந்துணியைத் தெருவில் எரிக்கிறோம். செயற்கை இழைத் துணியின் நச்சுப் புகையை நம் குழந்தைகளே சுவாசிக்கின்றனர். இவ்வாண்டு போகிக்கு முன்பே அம்மூட்டையை அவிழ்த்துப் பாருங்கள். நம் பிள்ளைக்கு அணிவிக்கத் தயங்கும் ஆடையைப் பிறர் பிள்ளைக்குக் கொடுக்கவேண்டாம். அணிவிக்கத் தக்கதாகத் தைத்துக் கொடுப்போம் என்று கேட்டுக்கொண்டு முடிக்கிறோம்.