வாசலிலே ஒரு பந்தல்



சித்திரைத் தேருக்கு ஸ்ரீரங்கம் போயிருப்பீர்கள். வழியிலே நீர்மோர்ப் பந்தல். அந்தக் கீற்று நிழலில் இரண்டு நிமிஷம் நின்றால் போன உயிர் திரும்பினாற்போல் இருக்கும். ஊராருக்குப் பந்தல் போடுகிற நாம், வயிற்றுப் பிள்ளையோடு வெயிலில் வேலை செய்கிற நம் வீட்டுப் பெண்ணுக்குப் போட்டோமா?

கத்திரி வெயிலில் திருச்சியில் வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தாண்டுவதுண்டு. வீட்டுக்குள்ளே புழுக்கம், வாசலிலே அனல். பாத்திரம் தேய்ப்பதும், நெல் காய வைப்பதும், பிள்ளை விளையாடுவதும் அந்த வாசலில்தான். கர்ப்பிணிக்கு உடம்பில் நீர் வற்றினால் மயக்கம் வரும். கடும் வெப்பத்தால் குறைப்பிரசவம் ஆகவும், எடை குறைந்த குழந்தை பிறக்கவும் வாய்ப்பு கூடுகிறது.

“காசுக்கு எங்கே போறதுங்க?” என்று கேட்பீர்கள். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலே தென்னைக்கா பஞ்சம்? விழுந்த ஓலையைத் தண்ணீரில் ஊறவைத்து முடைந்தால் கீற்று. நாலு மூங்கில் கால், கொஞ்சம் கயிறு, அரை நாள் வேலை. அவ்வளவுதான்.

ஆள் குனியாமல் நடக்கிற உயரத்தில் போடுங்கள். பிற்பகல் வெயிலை மறைக்க மேற்குப் பக்கம் மட்டும் கீற்றைத் தொங்கவிடுங்கள். மற்றப் பக்கம் காற்றுக்குத் திறந்திருக்கட்டும். அடுப்பும் பீடி நெருப்பும் கிட்டே வரவே கூடாது. தகரம் போடாதீர்கள், அது தானும் காய்ந்து, கீழே இருப்பவரையும் காய்ச்சும். தை மாதமே சுரை, பீர்க்கு, புடலை விதை ஊன்றி, பாத்திரம் கழுவிய தண்ணீரை விட்டுவந்தால், கொடி ஏறிப் பந்தலுக்கு நிழலும் தரும், குழம்புக்குக் காயும் தரும்.

நிழல் மட்டும் போதாது. தாகம் எடுக்கும் வரை காத்திராமல் கர்ப்பிணி அடிக்கடி தண்ணீர் குடிக்க வேண்டும். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தண்ணீர் வேண்டாம். தாய்ப்பாலையே அடிக்கடி கொடுங்கள். பால் கொடுக்கிற தாய்தான் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும்.

வெயிலில் யாருக்காவது உடம்பு கொதித்து, பேச்சு குழறினாலோ, நினைவு தப்பினாலோ, உடனே 108-க்குச் சொல்லுங்கள். வண்டி வரும்வரை நிழலில் கிடத்தி, உடம்பை ஈரத்துணியால் துடைத்து விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

கணவன்மார்களே! வளைகாப்புக்கு வளையல் வாங்குகிறீர்கள், சந்தோஷம். அதோடு, பங்குனி முடிவதற்குள் வாசலில் நாலு கால் நட்டுவிடுங்கள். உங்கள் குழந்தைக்கு நீங்கள் கட்டுகிற முதல் தொட்டில் அந்தப் பந்தல்தான்.